வராத ஆளுக்குத் துண்டு

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றின் மாடியில் ‘ஏறிக்கோ’ என்ற ஆப்பின் ஆபீஸ் இருந்தது. கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் மேலே மேசையில் இருக்கிற டீ டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கும். அதைப் பிடிப்பதற்கென்றே எழில் ஒரு கையை எப்போதும் சும்மா வைத்திருப்பாள். பெங்களூரில் ஏசி குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்த்தவள் அவள். இங்கே வந்த பிறகுதான் மகள் வாய்விட்டுச் சிரிக்கிறாள் என்று அவள் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் அந்த அம்மா தடுமாறுவாள். “ஏதோ ஒண்ண வளக்காளாம். ஆடா கோழியான்னு என்னையக் கேக்காதீக” என்று முடித்துவிடுவாள்.

வளர்ப்பதுதான் வேலை. எழில் ‘ஏறிக்கோ’வின் குரோத் டீம் தலைவி. டீம் என்றதும் பெரிய படையை நினைத்துவிட வேண்டாம். எழில், கம்ப்யூட்டரில் கோடு எழுதுகிற ஜாபர் சாதிக், திரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று வரைகிற ருக்சானா, ஆக மூன்று பேர். அந்த ஆப் செய்கிற காரியமும் சின்னதுதான். சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுக் கம்பெனிகளும் தீப்பெட்டிக் கம்பெனிகளும் காலையில் ஊர் ஊராக வேன் அனுப்பி ஆள் ஏற்றுகின்றன. அந்த வேன் இப்போது எங்கே வருகிறது, நம்ம ஊருக்கு எப்போது வரும் என்று போனில் காட்டும். உலையைப் பாதியில் இறக்கிவைத்துவிட்டு ஓட வேண்டியதில்லை. நல்ல ஆப்தான். ஆனால் நல்ல ஆப் என்று ஆபீஸில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள்.

குரோத் டீம் என்றால் விளம்பரம் ஒட்டுகிறவர்கள் என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எழிலுக்குப் பற்றிக்கொண்டு வரும். விளம்பரத்துக்கு வேறு ஆள் உண்டு. இவர்கள் வேலை, வந்தவர்கள் ஏன் போனார்கள் என்று பார்ப்பது. ஆப்பைப் போனில் ஏற்றினவர்களில் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள், திறந்தவர்களில் எத்தனை பேர் மறுநாளும் வந்தார்கள், எந்த இடத்தில் சலிப்புத் தட்டிக் கழன்றுகொண்டார்கள் என்று துப்புத் துலக்க வேண்டும். பிறகு ஒரு யோசனை செய்து, பாதி ஊருக்கு மட்டும் ஒன்றை மாற்றி, மீதி ஊருக்குப் பழையபடியே விட்டு, எது ஜெயிக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் எதுவும் ஜெயிக்காது. திங்கட்கிழமை ஆஹா என்று ஆரம்பிப்பது வெள்ளிக்கிழமை மண்ணைக் கவ்வியிருக்கும். அடுத்த திங்கட்கிழமை வெட்கமில்லாமல் மறுபடியும் ஆஹா என்று ஆரம்பிக்க வேண்டும். எழிலுக்கு இந்த வெட்கமில்லாத வேலை உயிராகப் பிடித்திருந்தது.

சுவரில் ஒரு டிவி. அதில் ஒரே ஒரு எண். முதல் வாரம் வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இரண்டாவது வாரமும் வருகிறார்கள் என்பது அந்த எண். ஜாபர் அதற்கு ‘மிச்சம்’ என்று பெயர் வைத்திருந்தான். அந்த மிச்சம் பதினெட்டிலேயே நின்றது. சாமி கும்பிட்டாலும் பதினெட்டு, திட்டினாலும் பதினெட்டு.

‘ஏறிக்கோ’வின் முதலாளி ஸ்ரீராம்குமார் விருதுநகர்க்காரர், இருப்பது சென்னையில். ஒரு நாள் வீடியோவில் வந்தார். முகம் சரியில்லை.

“புதுசா ஆளு வந்துக்கிட்டேதான் இருக்கு எழில். ஆனா ஒருத்தரும் தங்க மாட்டேங்கிறாங்க. ஓட்டை வாளியில எத்தனை நாள் தண்ணி ஊத்துறது? இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நான் நேர்ல வர்றேன். அதுக்குள்ள மிச்சம் அம்பதைத் தாண்டணும். தாண்டலைன்னா குரோத் டீம்னு தனியா ஒண்ணு வேண்டாம். ஜாபரும் ருக்சானாவும் வேற வேலை பாக்கட்டும். நீ பெங்களூர்ல உன் பழைய இடத்துக்கே போயிரு. அவங்க உன்னைக் கேட்டுக்கிட்டேதானே இருக்காங்க.”

பழைய இடத்தில் எழில் மூன்று வருடம் ஒரு பட்டனைப் பச்சையாக வைப்பதா இன்னும் கொஞ்சம் பச்சையாக வைப்பதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நினைத்ததுமே அவளுக்கு அழுகை வந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “சரி, ஆரம்பிப்போம்” என்றாள்.

முதலில் பட்டனை மஞ்சளாக்கிப் பார்த்தார்கள். பதினெட்டு. அடுத்து, சாயங்காலம் வேன் எப்போது கிளம்பும் என்று மூன்றரை மணிக்கே எல்லோருக்கும் மணியடித்துச் சொல்லிப் பார்த்தார்கள். அங்கேதான் மோசம் போனது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மூன்றரை மணிக்கு நாரணாபுரத்து யூனிட் ஒன்றில் பெட்டிக்குள் கிடந்த அத்தனை போனும் ஒரே நொடியில் அலறியது. தூங்கி வழிந்துகொண்டிருந்த வாட்ச்மேன் துள்ளி எழுந்து, வேறு எதையும் யோசிக்காமல், பக்கத்தில் தொங்கிய தீ வாளி மணலை அப்படியே பெட்டிக்குள் கொட்டிவிட்டார். மறு வாளியையும் கொட்டினார். பட்டாசுக் கம்பெனி வாட்ச்மேன் வேறென்ன செய்வார். அன்று சாயங்காலம் பெண்கள் ஆளுக்கொரு போனை எடுத்து உதறி ஊதியபடி எழிலின் பரம்பரையையே விசாரித்தார்கள். மிச்சம் பதினாறுக்கு இறங்கியது. ருக்சானாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “எக்கா, ஏதோ நாம செஞ்சதுக்கு நம்பர் அசைஞ்சிருக்குல்லா” என்றாள்.

“இங்கன உக்காந்து ரோசிச்சா வேலைக்கு ஆகாது” என்று எழில் மறுநாள் விடியற்காலையில் கிளம்பி, சாத்தூர்ப் பக்கம் கோவில்புதூருக்குப் போய், நாரணாபுரம் போகும் வேனில் ஏறிக்கொண்டாள். ஏறிக்கொண்டாளே தவிர உட்கார முடியவில்லை. வேனில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். ஆனால் காலியாக இருந்த இடமெல்லாம் துண்டு. ஒரு சீட்டில் பூப்போட்ட துண்டு, ஒன்றில் காசித்துண்டு, ஒன்றில் துண்டு இல்லாத யாரோ போட்ட முந்தானைக் கிழிசல்.

முன் சீட்டில் வள்ளித்தாய் என்ற பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். அந்த வேனுக்கு டிரைவர் ஒருவர் இருந்தாலும் அதை ஓட்டுவது வள்ளித்தாயின் குரல்தான்.

“இது யாருக்குக்கா?” என்று பக்கத்துத் துண்டைக் காட்டிக் கேட்டாள் எழில்.

“எங்க மதினிக்கு. அடுத்த ஸ்டாப்புல ஏறுவா.”

“அவுக போன் பண்ணிச் சொன்னாகளா?”

“அவ எதுக்குச் சொல்லணும்? நான் துண்டு போடலைன்னா பொங்கல் வரைக்கும் பேச மாட்டா. போன வருசம் ஒரு நாள் மறந்துட்டேன். அவ மக சடங்குக்கு எனக்குப் பத்திரிகை வைக்கலையே.”

அடுத்த நிறுத்தத்தில் மதினி ஏறினாள். டிரைவரைப் பார்க்கவில்லை, வேனைப் பார்க்கவில்லை. நேரே தன் துண்டைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த விதம் இருக்கிறதே, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த எழிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேன் எத்தனை மணிக்கு வரும் என்பது இவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. அது ஹாரன் அடித்தால் தெரிந்துவிடப் போகிறது. தனக்கு யார் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். இத்தனை மாதமாக வேனைக் காட்டிக்கொண்டிருந்தோமே, மடச்சிகளா என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே அவள் ஆபீஸுக்கு ஓடினாள்.

இரண்டே நாளில் ‘துண்டு போடு’ பட்டன் தயார். தொட்டால் வேனின் படம் விரியும். சீட்டுச் சீட்டாக இருக்கும். ஒரு சீட்டைத் தொட்டுப் பெயரைச் சொன்னால் அதன்மேல் ஒரு குட்டித் துண்டு வந்து விழும். “உங்களுக்கு வள்ளித்தாய் துண்டு போட்டிருக்காங்க” என்று அந்த ஆளுக்குச் செய்தி போகும். வீட்டுக்கு ஒரு போன்தானே இருக்கிறது, ஆளுக்கு ஆள் நம்பர் கேட்க வேண்டாம், பெயர் மட்டும் கொடுத்தால் போதும் என்றாள் ருக்சானா. அதுவும் சரிதான் என்றாள் எழில். அத்துடன் ஜாபர் ஒரு வேலை செய்தான். பல கம்பெனிகளுக்கு வேன் ஓட்டும் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி, எந்த ஊருக்கு எத்தனை வேன் அனுப்புவது என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்வார். துண்டு எத்தனையோ சீட்டு அத்தனை, அதற்குத் தக்கபடி வேன் தானாகப் போகட்டும், மீதி வேன் மற்ற ஊருக்கு என்று ஜாபர் இரண்டையும் இணைத்துவிட்டான். மூன்று பேரும் கை தட்டிக்கொண்டார்கள். வினை அந்தக் கைதட்டலிலேயே ஆரம்பித்துவிட்டது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

வழக்கம்போல் பாதி ஊருக்கு மட்டும் பட்டனைத் திறந்துவிட்டார்கள். முதல் வாரம் ஆப் சும்மா இருந்தது. இரண்டாவது வாரம் திங்கட்கிழமை காலை டிவியில் மிச்சம் முப்பத்திரண்டு என்று காட்டியது. ஜாபர் டிவியை அணைத்துவிட்டுப் போட்டான். முப்பத்திரண்டு. மத்தியானம் நாற்பது. மறுநாள் ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் ஜாபர் நாற்காலிமேல் ஏறி நின்று வேட்டி கட்டாமலே வேட்டியை மடித்துக் கட்டினான். ருக்சானா தன் கைப்பையைத் தலைக்குமேல் சுற்றினாள். எழில் கீழே ஓடி, மெஷின்காரர்களுக்கெல்லாம் சேர்த்து எண்ணெய்ப் பரோட்டா வாங்கி வரச் சொன்னாள். என்ன ஏது என்று தெரியாமலே அவர்களும் மேலே வந்து சாப்பிட்டு, “நல்லா வளருங்க தாயி” என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் எழிலுக்கு நடந்தால் தரையில் கால் பாவவில்லை. பல் தேய்க்கும்போது பாடினாள். அறுபதாயிற்று, எழுபதாயிற்று. பட்டன் இல்லாத ஊர்க்காரர்கள் போன் போட்டு, “எங்க ஊருக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?” என்று சண்டைக்கு வந்தார்கள். குரோத் டீம்காரிக்கு இதைவிடக் காதுக்கு இனிமையான வசவு உலகத்தில் கிடையாது.

ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எண் ஏறும்போது யார் எட்டிப் பார்க்கிறார்கள்? ஜனங்களுக்குத் துண்டு போடுவது பிடித்துப் போயிற்று. வேலைக்கு வருகிறவர்களுக்குப் போட்டார்கள். பிறகு வராதவர்களுக்கும் போட்டார்கள். துபாயில் இருக்கிற கொழுந்தனுக்கு ஜன்னல் ஓரம் போட்டார்கள். மாமியாருக்குக் கடைசி சீட்டில், சரியாக டயருக்கு மேலே போட்டார்கள். கோவித்துக்கொண்டு பேசாமல் இருந்த தங்கச்சிக்குத் துண்டு போட்டுச் சமாதானம் ஆனார்கள். பிறந்து பதினைந்து நாள் ஆன பேரனுக்குப் பெயர் வைத்த கையோடு ஒரு துண்டு.

புரட்டாசிப் பொங்கல் வந்தது. கோவில்புதூர் மாரியம்மனுக்குப் புதன்கிழமை பொங்கல், வியாழக்கிழமை மஞ்சள் நீராட்டு. ஊரே வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது. சொந்தபந்தமெல்லாம் வந்து நிறைந்திருந்தது. கையில் போன், வயிற்றில் கறிச்சோறு, பொழுது போகவில்லை. வந்த விருந்தாளிக்கெல்லாம் இந்த விளையாட்டைக் காட்டினார்கள். வந்தவர்கள் தங்கள் சார்பில் ஆளுக்கு நாலு போட்டார்கள். அம்மனுக்கு முன் சீட். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு அம்மன் பக்கத்து சீட்.

வியாழக்கிழமை காலை எழில் பல் தேய்த்துப் பாடிக்கொண்டிருந்தபோது லட்சுமிகாந்தம் போன் செய்தார். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அவர் மெதுவாகப் பேசினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“ஏம் தாயி, கோவில்புதூர்ல ஏதும் மாநாடு நடக்கா?”

“இல்லையே அண்ணாச்சி. பொங்கலு. இன்னைக்கு ஊரே லீவு.”

“லீவா. அப்ப என் வேன் பூராம் அங்கன போயி எதுக்கு நிக்கி? மத்த ஊருல பொம்பளையாளுக ரோட்டுல நின்னுக்கிட்டு என்னையப் பேசுத பேச்சு காது குடுத்துக் கேக்க முடியல. சீசன் நேரம். கம்பெனி கேட்டை அடைச்சிட்டா இன்னைக்கு அவுகளுக்குச் சம்பளம் கிடையாது. தெரியும்லா?”

எழில் வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. ருக்சானாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினாள். கோவில்புதூர் எல்லையிலேயே வேன் ஆரம்பித்துவிட்டது. ஒன்றன் பின் ஒன்றாக, வெள்ளை வேன், நீல வேன், பெயர் அழிந்த வேன் எல்லாம் ஊருக்குள் புகுந்து, ஒற்றைத் தெருவில் மாட்டிக்கொண்டு, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முதல் வேனின் டிரைவர் போனைப் பார்த்து, “மாரியம்மா யாரு? முன் சீட்டு. சீக்கிரம் வாங்கம்மா, நேரமாகு” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். குடம் குடமாகக் கரைத்து வைத்துக்கொண்டு முறைக்காரர்கள்மேல் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள், வந்து நின்ற வேனையும் விடவில்லை. டிரைவர்களையும் விடவில்லை. நனைந்த டிரைவர்களும் கோபப்படுவதற்குப் பதிலாக இறங்கி வந்து ஒரு செம்பு வாங்கித் திருப்பி ஊற்றினார்கள். ஸ்பீக்கரில் உறுமி மேளம். குலவை. எழில் ஸ்கூட்டரை நிறுத்தி வாயைத் திறப்பதற்குள் தலையோடு ஒரு குடம் இறங்கியது.

“அக்கா, நான் உங்களுக்கு முறையே இல்ல” என்றாள் எழில், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“வந்த எடத்துல முறை பாத்துக்கிட்டு இருக்க முடியுமா தாயி” என்று சொல்லி வள்ளித்தாய் அடுத்த குடத்தை ருக்சானாவுக்கு எடுத்தாள். “எம்புட்டு வேன் பாத்தியா? நாங்க கூப்பிட்டதும் வந்துருச்சு.”

எழிலுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தது. அப்போதுதான் இடுப்பில் இருந்த போன் அடித்தது. ஸ்ரீராம்குமார். அவர் குரலில் அப்படி ஒரு துள்ளலை அவள் கேட்டதே இல்லை.

“எழில், எண்பத்தொண்ணு. பாத்தியா, எண்பத்தொண்ணு. நான் அந்த நம்பரைப் படம் எடுத்து, கம்பெனியில பணம் போடுறவங்களுக்கு இப்பவே அனுப்பப் போறேன். நாளைக்கு நான் வந்ததும் உனக்குப் பத்துப் பேர் டீம். மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி எல்லா ஊருக்கும் திறந்துவிடு. அது என்ன சத்தம்? கொண்டாடுறீங்களா?”

“ஆமா சார்” என்றுதான் எழிலின் வாய் வரைக்கும் வந்தது. பத்துப் பேர் டீம். பெங்களூர் இல்லை, சால்வை இல்லை, பச்சைப் பட்டன் இல்லை. ஆமா சார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தால் போதும். மஞ்சள் தண்ணீர் மூக்கு நுனியில் இருந்து போன்மேல் சொட்டியது. வேறு ஏதோ ஊரில் ரோட்டோரம் தூக்குவாளியும் கையுமாக நின்றுகொண்டு, வராத வேனுக்காகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் அவள் கண்ணுக்குள் வந்து நின்றார்கள்.

“சார், அதை யாருக்கும் அனுப்பாதீங்க” என்றாள். “அது ஆளு இல்ல சார். வெறும் துண்டு. ஆப்பைத் திறக்காங்க, துண்டு போடுறாங்க, சிரிக்காங்க. வேன்ல ஏற மாட்டேங்காங்க. இந்தத் துண்டை நம்பி வேனெல்லாம் இங்க வந்து நிக்கி. நெசமா வேலைக்குப் போறவங்க ரோட்டுல நிக்காங்க. நான் அந்தப் பட்டனை அணைக்கப் போறேன்.”

“திறக்கிறாங்கல்ல? திரும்பி வர்றாங்கல்ல? அதானே நாம கேட்டது” என்றார் ஸ்ரீராம்குமார். “அணைச்சேன்னா நாளைக்குக் காட்ட உங்கிட்ட ஒண்ணுமே இருக்காது எழில். நான் சொன்னது சொன்னதுதான்.”

“தெரியும் சார்.”

ஜாபருக்குப் போன் போட்டாள். “அணைச்சிரு” என்றாள். அவன் தயங்கினான். “அணைலே” என்றாள் எழில். அவனை அவள் ‘லே’ போட்டுக் கூப்பிட்டதே இல்லை. அணைத்துவிட்டான்.

பிறகு கோயில் மேடையில் ஏறி, உறுமிக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தி, மைக்கை வாங்கினாள். தலை முதல் கால் வரை மஞ்சளாக நின்றவளைப் பார்த்து ஊரே சாமி வந்துவிட்டது என்று நினைத்து அமைதியானது. “டிரைவர் அண்ணாச்சிமாரே, எல்லாரும் அவுகவுக ஊருக்குத் திரும்புங்க. அங்கன ஆளு காத்துக்கிட்டு இருக்கு. தப்பு எங்க மேல. மன்னிச்சிருங்க” என்றாள். வேனைத் திருப்ப இடமில்லை. வள்ளித்தாய் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். இளவட்டங்கள் தள்ள, விருந்தாளிகள் தள்ள, பெண்கள் குலவை போட, மஞ்சள் வடிய மஞ்சள் வடிய வேன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி ரோட்டைப் பிடித்தன. லட்சுமிகாந்தம் கம்பெனி கம்பெனியாகப் போன் போட்டுக் கெஞ்சி, அரை மணி நேரம் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார். சீசன் நேரத்தில் கம்பெனிக்காரர்களுக்கும் வேறு வழியில்லை. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள் என்று செய்தி வந்த பிறகுதான் எழில் கீழே உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மிச்சம் பதினொன்று. பழைய பதினெட்டுகூட இல்லை. துண்டு இல்லாத ஆப்பை ஒருவரும் திறக்கவில்லை. எழில் டிவியை அணைக்கவில்லை. காதோரம் இன்னும் போகாத மஞ்சளோடு உட்கார்ந்து, தன் சாமான்களை ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஆனால் போன் ஓயவில்லை. “எங்க துண்டு எங்க?” “எங்க அக்காவுக்கு எடம் புடிக்கணும், பட்டனைக் காணமே.” “நாங்க ஒண்ணும் ஆட்டுக்குப் போடல, அது அந்த ஊருக்காரிக செஞ்சது. எங்களுக்கு மட்டும் குடுங்க.” ருக்சானா பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனாள். மத்தியானத்துக்கு மேல் அவளால் முடியவில்லை. வள்ளித்தாயின் மதினி போன் செய்தபோது, “துண்டும் கெடையாதுக்கா, எங்க எழிலக்காவும் கெடையாது. இன்னைக்குச் சாயங்காலம் முதலாளி வர்றாக. வந்து அக்காவைப் பெங்களூருக்கு அனுப்பிருவாக” என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

அந்த மதினி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். கம்பெனி வாசலில் போன் பெட்டி திறக்கும் நேரம் வரை பொறுத்திருந்து, வேனுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் காலண்டர் கம்பெனி வாசலில் நாரணாபுரத்து வேன் வந்து நின்றது. கையில் ஒட்டிய வெள்ளி நிறப் பொடியைக்கூடச் சரியாகக் கழுவாத பெண்கள் மாடிப்படி கொள்ளாமல் ஏறி வந்தார்கள். வள்ளித்தாய் முன்னால் வந்தாள். எழிலைப் பார்த்தாள், அட்டைப் பெட்டியைப் பார்த்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து எழிலின் நாற்காலியில் விரித்தாள். மற்றவர்கள் மீதி நாற்காலிகளில் விரித்தார்கள். நாற்காலி தீர்ந்து போய் ஸ்டூலில் ஒன்று, மேசையில் ஒன்று, பிரிண்டரின்மேல் ஒன்று. விரித்துவிட்டுச் சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை.

ஸ்ரீராம்குமார் அப்போதுதான் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“சார், மிச்சம் பதினொண்ணு” என்றாள் எழில். அவருக்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்து வைத்திருந்தாள். “பட்டனைத் திரும்பப் போடலாம் சார். ஆனா துண்டு போட்டா மட்டும் போதாது. யாருக்குப் போட்டாங்களோ அவங்க ‘வர்றேன்’னு சொல்லணும். சொன்னாத்தான் துண்டு நிக்கும், சொல்லலைன்னா வேன் வர்றதுக்குள்ள தானா போயிரும். எண்பத்தொண்ணு வராது. அம்பது வருமான்னுகூடத் தெரியாது. ஆனா ஒரு துண்டுக்கு ஒரு ஆளு இருக்கும். நேத்து அணைச்சதுல இருந்து ஏன் அணைச்சீங்கன்னு கேட்டு போன் ஓயல சார். இதுவரைக்கும் நாம எதை நிறுத்தினாலும் ஒருத்தர்கூட ஏன்னு கேட்டதில்ல.”

ஸ்ரீராம்குமார் டிவியைப் பார்த்தார். பதினொன்று. சுவரோரம் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து காரில் வந்த களைப்பு அவருக்கு. பக்கத்தில் இருந்த நாற்காலியின் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்காரப் போனார்.

“அது எழில் பிள்ளைக்குப் போட்டது. எடுக்காதீக” என்றாள் வள்ளித்தாய்.

“அவங்க நின்னுக்கிட்டுத்தானேம்மா இருக்காங்க.”

“இப்ப நிக்கட்டும். திங்கக்கெழமை வந்து உக்காரணும்லா. அதுக்குப் போட்டது.”

ஸ்ரீராம்குமார் பாதி குனிந்தபடி நின்றார். விருதுநகரில் பிறந்து, பஸ் ஜன்னலுக்குள் துண்டு போட்டு இடம் பிடித்துப் போய்ப் படித்து முன்னுக்கு வந்தவர்தான் அவரும். இருந்தாலும் ஒன்று கேட்டுவிட்டார்.

“வராத ஆளுக்குப் போட்டிருந்தா?”

வள்ளித்தாய் எழிலின் பக்கம் திரும்பினாள். வேனில் வந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“வர்றியா தாயி?”

எழில் அட்டைப் பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள். “வர்றேன்க்கா” என்றாள்.

ஸ்ரீராம்குமார் நிமிர்ந்தார். கையில் இருந்த துண்டை உதறி, எடுத்த நாற்காலியிலேயே சுருக்கமில்லாமல் விரித்தார்.